ஜூலை 22-லிருந்து ஆகஸ்ட் 19-க்கு: சேரும் தேதியைத் தள்ளிக் கேட்ட ஒரு நிகழ்வின் ஆய்வு

இந்த நிகழ்வில் வருபவர் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் சோதனைப் பொறியாளராக இருந்தவர். சொந்த ஊர் மதுரை. 2024-ஆம் ஆண்டு பெங்களூரில் உள்ள வேறொரு நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஒப்புக்கொண்ட தேதியில் சேர முடியாது என்று தெரிந்ததும் தேதியைத் தள்ளிக் கேட்டார். முதல் முறை கேட்டபோது காரியம் கெடப் பார்த்தது. இரண்டாம் முறை கேட்டபோது கிடைத்தது. இரண்டு முறையும் கேட்டது ஒரே ஆள், கேட்கப்பட்டதும் ஒரே நிறுவனம். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே ஆராய்கிறேன். நான் நெடுங்காலமாக ஆளெடுப்புப் பணியில் இருப்பவன். அவருடன் முன்பு ஒரே அலுவலகத்தில் பணியாற்றியவன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்ததால் அன்று விடுமுறை. வாக்களித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகே அவர் பெங்களூர் நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்டு அனுப்பினார். அடுத்த திங்கட்கிழமை, ஏப்ரல் 22 அன்று, பழைய நிறுவனத்தில் பேப்பர் போட்டார், அதாவது ராஜினாமா செய்தார். அங்கே நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமாவுக்குப் பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். மறுநாளிலிருந்து எண்ணினால் தொண்ணூறாவது நாள் ஜூலை 21, ஞாயிறு. விடுவிப்பு நாள் வேலை நாளாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் வழக்கம் என்பதால், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையான ஜூலை 19-ஐக் கடைசி நாளாகக் குறித்தார்கள். புதிய நிறுவனம் ஜூலை 22, திங்கட்கிழமையைச் சேரும் தேதியாக எழுதியிருந்தது. இடையில் சனியும் ஞாயிறும் மட்டுமே இருந்தாலும், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதாகவே அப்போது தோன்றியது.

மே மாத இறுதியில் தேநீர் இடைவேளையில் ஒரு சக ஊழியர், "இன்னும் கொஞ்ச நாள் இருந்தா கிராஜுவிட்டி வந்துடுமே" என்று சொன்னபோதுதான் அவர் தம் பழைய நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாள் 2019 ஆகஸ்ட் 5. ஐந்து ஆண்டுகள் நிறைவடையும் நாள் 2024 ஆகஸ்ட் 4. ஜூலை 19-இல் வெளியேறினால் பதினாறு நாள் குறைகிறது.

அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி, ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணிக்குப் பிறகு விலகும் ஊழியருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் சேர வேண்டியிருந்தது; கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் 26-ஆல் வகுத்து ஒரு நாள் ஊதியத்தைக் கணக்கிட்டார்கள். அவருடைய அடிப்படைச் சம்பளம் 36,000 ரூபாய், அகவிலைப்படி கிடையாது. அதன்படி ஐந்து ஆண்டுக்கு 1,03,846 ரூபாய்.

நான்கு ஆண்டு முடிந்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாளுக்கும் குறைவாக இயங்கும் இடங்களுக்கு அந்தச் சட்டத்தின் 2ஏ பிரிவு 190 நாளையே ஓராண்டுப் பணியாக எடுத்துக்கொண்டது. ஆகவே ஜூலை 19-இல் விலகியிருந்தாலும் அவர் உரிமை கோரியிருக்கலாம். இதை அவரிடம் சொன்னேன். ஆனால் அவருடைய நிறுவனத்தின் மனிதவளத் துறை "முழு ஐந்து ஆண்டு" என்பதில் உறுதியாக நின்றது. பெங்களூரில் புதிய வேலையில் இருந்துகொண்டு, சென்னையில் கட்டுப்பாட்டு அதிகாரி முன் விசாரணைக்கு வந்துபோகும் நிலைக்கு அவர் தயாராக இல்லை. அவர் முடிவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

முதல் கோரிக்கை

ஜூன் 3 அன்று, தமக்கு ஆஃபர் வாங்கித் தந்த கன்சல்டன்சிக்காரருக்கு அவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். சில தனிப்பட்ட காரணங்களால் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்பதே அதன் உள்ளடக்கம். எத்தனை நாள், ஏன், எந்தத் தேதி என்று எதுவும் அதில் இல்லை. பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"வேற ஆஃபர் ஏதாவது கையில இருக்காம்மா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவர் திகைத்துப் போனார். தாம் கேட்டது தேதி. எதிர்முனையில் கேட்டதோ நம்பிக்கை. அடுத்த இரண்டு வாரங்களில் புதிய நிறுவனத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. ராஜினாமா ஏற்கப்பட்டதற்கான மின்னஞ்சலின் படத்தை அனுப்பச் சொன்னார்கள். இதே பதவிக்கு வேறொருவரையும் நேர்காணலுக்கு அழைத்திருப்பதாகக் கன்சல்டன்சிக்காரர் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார்.

இதைத் திமிர் என்றோ அவமதிப்பு என்றோ எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. மறுபக்கத்தில் அமர்ந்தவன் என்ற முறையில் அந்தச் சந்தேகத்தின் வேரைச் சொல்ல வேண்டும். நம் நாட்டு மென்பொருள் துறையில் 90 நாள் நோட்டீஸ் பரவலாக இருப்பதால், ஆஃபர் கொடுத்த நாளுக்கும் ஆள் வந்து உட்காரும் நாளுக்கும் இடையில் மூன்று மாதம் கிடக்கிறது. அந்த மூன்று மாதத்தில், "நோட்டீஸில் இருக்கிறேன்" என்ற சொல்லே அவரைப் பிற நிறுவனங்களுக்குக் கவர்ச்சியானவராக்குகிறது. முதல் ஆஃபரைக் காட்டி இரண்டாவதையும், இரண்டாவதைக் காட்டி மூன்றாவதையும் பெறுபவர்களை ஆளெடுப்பவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். வராமல் போகப்போகிறவர் பெரும்பாலும் "வரமாட்டேன்" என்று சொல்வதில்லை. முதலில் தேதியைத் தள்ளுகிறார், இன்னொரு முறை தள்ளுகிறார், பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. ஆகவே காரணமும் தேதியும் இல்லாத ஒரு தள்ளிவைப்புக் கோரிக்கை வரும்போது, அதை அந்த வரிசையின் முதல் படியாகவே படித்துப் பழகியிருக்கிறோம். கன்சல்டன்சிக்காரருக்கு இதில் கூடுதல் அச்சம் உண்டு: ஆள் சேர்ந்தால்தான் அவருக்குக் கட்டணம், சேர்ந்து குறிப்பிட்ட காலம் தங்காவிட்டால் மாற்று ஆளைத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். அவரிடம் தேதியைத் தள்ளிக் கேட்பது, நிலத்தின் உரிமையாளரை விட்டுவிட்டுத் தரகரிடம் விலை பேசுவது போன்றது.

தேதிக்குப் பின்னால் இருந்தவை

ஜூன் மாத நடுவில் அவர் என்னிடம் வந்தார். "ரெண்டு வாரம் கேட்கலாம்னு இருக்கேன் சார், ஆகஸ்ட் 5 போதும்" என்றார். ஏன் ஆகஸ்ட் 5 என்று கேட்டேன். குறைவாகக் கேட்டால் எளிதில் தருவார்கள் என்பது அவருடைய எண்ணம்.

நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தோம். ஐந்து ஆண்டு நிறைவடையும் ஆகஸ்ட் 4 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய நிறுவனம் ஞாயிற்றுக்கிழமையை விடுவிப்பு நாளாக எழுதாது. ஏப்ரலில் செய்ததைப் போலவே முந்தைய வெள்ளிக்கு, அதாவது ஆகஸ்ட் 2-க்கு இழுத்துவிடும். அப்போது இரண்டு நாள் குறைந்து, இவ்வளவு பாடும் வீணாகும். எனவே கடைசி நாள் ஆகஸ்ட் 5, திங்கட்கிழமையாக இருந்தே ஆக வேண்டும். அதே நாளில் பெங்களூரில் சேர முடியாது. ஆகஸ்ட் 5 என்று கேட்டு வாங்கியிருந்தால், பிறகு இன்னொரு முறை தள்ளிக் கேட்க நேர்ந்திருக்கும். ஏற்கனவே சந்தேகத்தில் இருக்கும் இடத்தில் இரண்டாவது தள்ளிவைப்பு என்பது கிட்டத்தட்ட விலகல் கடிதம்தான்.

அடுத்து, புதிய நிறுவனத்தில் அந்த ஜூலை 22 என்ற தேதி எவற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று கண்டறியச் சொன்னேன். தேதியைத் தள்ளிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் தம் காரணத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் அந்த நாளில் என்ன நின்றுபோகும் என்று கேட்பதில்லை. அங்கே ஏற்கனவே பணியாற்றிய கல்லூரித் தோழி ஒருவரிடம் விசாரித்ததில் மூன்று செய்திகள் கிடைத்தன. புதியவர்களுக்கான அறிமுக வகுப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமைகளில் நடக்கிறது: ஜூலை 22, ஆகஸ்ட் 5, ஆகஸ்ட் 19. சம்பளப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதியோடு மூடப்படுகிறது. இந்தப் பதவிக்கான அனுமதி செப்டம்பருடன் முடியும் காலாண்டுக்கு உரியது. ஆகவே ஆகஸ்ட் 7 என்றோ 12 என்றோ கேட்டால், எதிலும் ஒட்டாத தேதியாகி, ஒருவர் உட்கார்ந்து தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். ஆகஸ்ட் 19 அறிமுக வகுப்பில் பொருந்துகிறது, சம்பளப் பட்டியலுக்கு ஒரு நாள் முன்னதாக வருகிறது, காலாண்டுக்கும் உள்ளே இருக்கிறது. இரண்டு வாரத்தைவிட நான்கு வாரம் கேட்பதே இங்கே எளிய கோரிக்கை.

அதற்கான விலை என்ன என்பதையும் கணக்கிட்டோம். புதிய மாதச் சம்பளம் 1,10,000 ரூபாய். ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 18 வரை அது கிடைக்காததால் 99,355 ரூபாய் போகிறது. பழைய இடத்தில் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 5 வரை, மாதம் 78,000 ரூபாய் என்ற கணக்கில் 42,774 ரூபாய் வருகிறது. நிகர இழப்பு 56,581 ரூபாய். கிடைப்பது 1,03,846 ரூபாய். சட்ட வரம்புக்குள் உள்ள பணிக்கொடைக்கு வருமான வரியும் இல்லை. மிச்சம் ஏறத்தாழ 47,000 ரூபாய்தான். "இதுக்கா இவ்வளவு?" என்று நான் கேட்டேன். ஐந்து வருட உழைப்புக்கு உரிய பணத்தைப் பதினாறு நாளுக்காக விட்டுவிட முடியாது என்றார். அவர் கணக்கு ரூபாயில் மட்டும் இல்லை என்று புரிந்தது.

யாரிடம் முதலில் கேட்பது

இந்த நிகழ்வின் மிகச் சிக்கலான இடம் இதுவே. பழைய நிறுவனத்தில் கடைசி நாளை ஆகஸ்ட் 5-க்கு நீட்டித்துவிட்டு, பிறகு புதிய நிறுவனம் மறுத்தால், ஜூலை 22-இல் சேரவும் முடியாமல், ஆகஸ்டுக்குப் பிறகு வேலையும் இல்லாமல் நிற்க நேரும். மாறாக, புதிய நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகு பழைய நிறுவனம் நீட்டிக்க மறுத்தால், பணிக்கொடையும் இல்லை, ஒரு மாதச் சம்பளமும் இல்லை. இரண்டு கதவுகளில் எதை முதலில் தட்டினாலும் மற்றது மூடிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

அவருக்குச் சாதகமாக ஒன்று இருந்தது. அவர் பார்த்த வேலையைக் கையேற்க வேண்டியவர் ஜூலை முதல் வாரத்தில்தான் அணிக்கு வருவதாக இருந்ததால், அவருடைய மேலாளரே, கேடி (வேலை விவரங்களைக் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பது) முடியும்வரை ஓரிரு வாரம் கூடுதலாக இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார். அந்த வாய்மொழியை ஒரு மின்னஞ்சலாக வாங்கச் சொன்னேன். மனிதவளத் துறைக்குப் போகாத, மேலாளர் தம் விருப்பமாக எழுதிய இரண்டு வரி. அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் அந்தக் கதவு பூட்டப்படவில்லை என்று காட்டும். அதன் பிறகு புதிய நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம். அது கைக்கு வந்த பிறகே பழைய நிறுவனத்தில் முறையான நீட்டிப்பு. இந்த வரிசையையே கடைப்பிடித்தார்.

காரணத்தை எவ்வளவு சொல்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. கேடி மட்டும் போதும், பணத்தைப் பற்றிச் சொன்னால் அற்பமாக நினைப்பார்கள் என்றார் அவர். நான் எதிர்க்கருத்துக் கொண்டிருந்தேன். கேடி என்ற காரணம் நீளக்கூடியது. அடுத்த மாதமும் அதையே சொல்லலாம் என்று எதிர்ப்பக்கம் நினைக்கும். ஐந்தாண்டு நிறைவு என்பது நாட்காட்டியில் உள்ள ஒரு நாள். அது வந்துவிட்டால் முடிந்துபோகிறது. உடல்நலக் குறைவையோ வீட்டில் மரணத்தையோ கற்பித்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொய் அவர்களுடன் புதிய அலுவலகத்துக்குள்ளும் கூடவே வரும். இறுதியில் இரண்டு காரணங்களையும் எழுதுவது என்று முடிவாயிற்று.

ஜூன் 18 அன்று நிறுவனத்தின் மனிதவள அலுவலருக்கும் அணி மேலாளருக்கும் நேரடியாகவும், கன்சல்டன்சிக்காரருக்கு நகலாகவும் மின்னஞ்சல் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அதன் சாரம் இது:

"ஏப்ரல் 19 அன்று நான் ஏற்றுக்கொண்ட நியமனத்தில் மாற்றம் இல்லை, சேர்வது உறுதி. சேரும் நாளை ஜூலை 22-லிருந்து ஆகஸ்ட் 19-க்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பணிகளை ஒப்படைக்க ஆகஸ்ட் முதல் வாரம் வரை இருக்குமாறு என் தற்போதைய மேலாளர் கேட்டிருக்கிறார். அவருடைய மின்னஞ்சலை இணைத்துள்ளேன். ஆகஸ்ட் 4 அன்று இங்கே ஐந்து ஆண்டு நிறைவடைவதால் பணிக்கொடைக்கும் தகுதி பெறுகிறேன். ஆகஸ்ட் 19 தங்கள் அறிமுக வகுப்பு நாள் என்று அறிகிறேன். இடைப்பட்ட நாள்களில் ஆவணங்களையும் பின்புலச் சரிபார்ப்பையும் முடித்துத் தருகிறேன். இந்தத் தேதிக்கு மேல் மாற்றம் கேட்க மாட்டேன். ஜூன் 3 அன்று நான் அனுப்பிய தெளிவற்ற செய்திக்கு வருந்துகிறேன்."

கடைசி வரியை நான் சொல்லித்தரவில்லை, அவராகச் சேர்த்தது. இந்தக் கடிதத்தில் அதிக வேலை செய்தது அந்த வரிதான் என்பது என் கணிப்பு.

ஜூன் 20 அன்று அணி மேலாளர் அழைத்தார். ஆகஸ்ட் 5-இல் சேர முடியாதா என்றே முதலில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். பிறகு, வாரம் ஒருமுறை மாலையில் அணிக் கூட்டத்தில் இணையவழியாகக் கலந்துகொள்ள முடியுமா என்று கேட்டார். மறுக்கக் கூச்சமான கேள்வி இது. ஆனால் ஓரிடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றோரிடத்தின் வேலையில் கலந்துகொள்வது, அவருடைய பழைய நியமனக் கடிதத்தில் இரட்டை வேலைக்கு எதிராக இருந்த நிபந்தனைக்கு மாறானது. அதைச் சொல்லி, விடுவிக்கப்பட்ட பிறகு ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் நேரில் வந்து அணியைச் சந்திப்பதாக மாற்று யோசனை தந்தார். மேலாளர் ஏற்றுக்கொண்டார். மறுநாள் மனிதவள அலுவலர் தொலைபேசியில் "ஓகே" என்றார்.

அந்த "ஓகே"க்கு என்ன மதிப்பு

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி பார்த்தால், ஏப்ரல் 19 அன்று அவர் நிபந்தனையின்றிக் கையெழுத்திட்டதால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. கையெழுத்திடும் முன்பே வேறு தேதி கேட்டிருந்தால், அதை ஏற்பாகவே கொள்ள முடியாது. ஏற்பு முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது ஏழாவது பிரிவு. கையெழுத்திட்ட பிறகு தேதியை மாற்றுவது, நிறைவேற்றும் காலத்தை எதிர்த்தரப்பு நீட்டித்துத் தருவது; 63-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் நீட்டித்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். ஜூலை 22-இல் சேராவிட்டால் நியமனம் தானாகவே காலாவதியாகும் என்ற வரி அவருடைய ஆஃபர் லெட்டரில் இருந்தது. இப்படி ஒரு வரி பல ஆஃபர் லெட்டர்களில் இருக்கும். தொலைபேசியில் சொன்ன "ஓகே", அந்த அலுவலர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவருடனேயே போய்விடும்.

பத்து நாள் கடிதம் வரவில்லை. பழைய நிறுவனத்தில் நீட்டிப்புக் கேட்காமல் பொறுத்திருந்தார். அந்தப் பொறுமை அவருக்கு எளிதாக இல்லை. ஜூலை 1 அன்று நினைவூட்டினார். 3-ஆம் தேதி, ஆகஸ்ட் 19 என்று குறிப்பிட்ட திருத்திய ஆஃபர் லெட்டர் வந்தது. மறுநாளே பழைய நிறுவனத்தில் எழுதினார். கணினியில் ஏறிவிட்ட கடைசி நாளை மாற்றப் பிரிவுத் தலைவரின் ஒப்புதல் தேவை என்றார்கள். 9-ஆம் தேதி அது கிடைத்தது.

ஜூலை 22 மாலை அவருக்கு ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது: இன்று தாங்கள் பணியில் சேராததால் நியமனம் ரத்து செய்யப்படுகிறது. திருத்திய கடிதம் தந்த அலுவலகம், ஆளெடுப்பு இணையதளத்தில் தேதியைத் திருத்த மறந்திருந்தது. திருத்திய கடிதத்தை இணைத்து அவர் பதில் அனுப்பியதும், இரவுக்குள் மன்னிப்புடன் மறுமொழி வந்தது. கையில் "ஓகே" மட்டும் இருந்திருந்தால் அன்றிரவு எப்படிக் கழிந்திருக்கும் என்று அவர் பிறகு என்னிடம் கேட்டார்.

ஆகஸ்ட் 5 அன்று விடுவிப்புக் கடிதம் வாங்கினார். 19 அன்று பெங்களூரில் சேர்ந்தார். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணிக்காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. அன்று காலை பதினொரு மணிக்குக் கன்சல்டன்சிக்காரர் அழைத்து, "சேர்ந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பணிக்கொடை செப்டம்பர் முதல் வாரத்தில், சட்டம் குறிக்கும் 30 நாளுக்குள், வங்கிக் கணக்கில் ஏறியது.

ஒன்றை மட்டும் நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அவருடைய அம்மா பழைய நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருந்தார். அது ஆகஸ்ட் 5-உடன் முடிந்தது; புதியது 19-இல்தான் தொடங்கியது. சம்பளமில்லாத பதின்மூன்று நாளை ரூபாய் பைசாவாகக் கணக்கிட்ட நாங்கள், காப்பீடு இல்லாத பதின்மூன்று நாளை எண்ணவே இல்லை. ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, மதுரை வீட்டில் அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, எக்ஸ்ரேவுக்கும் மருந்துக்கும் 1,400 ரூபாய் ஆயிற்று. இடுப்பு முறிந்து அறுவைச் சிகிச்சை வரை போயிருந்தால், மிச்சப்பட்ட 47,000 ரூபாய் மருத்துவமனையின் முன்பணத்துக்கே காணாது.